வீட்டில் கல்வி, கையில் சான்றிதழ்: பேர்ன் கன்டோன் சட்டம் கேட்பது என்ன?

பூசை முடிந்து மண்டபத்தில் அமரும் வேளைகளில் எம்மவரிடையே ஒரு கேள்வி அடிக்கடி எழுகின்றது. "பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிப்பிக்க முடியாதா? அமெரிக்காவில் அப்படிச் செய்கிறார்களாம். தாய் தகப்பனே படிப்பை முடித்ததற்கான சான்றிதழையும் எழுதிக் கொடுக்கிறார்களாம்" என்று கேட்கிறார்கள். இப்படிக் கேட்பவர்களின் காரணங்கள் பலவிதமானவை. ஒருவரின் பிள்ளை வகுப்பில் கேலிக்கு உள்ளாகி அழுதுகொண்டு வருகின்றது. இன்னொருவரின் பிள்ளை கெட்டிக்காரனாக இருந்தும் "றியால்" வகுப்பிற்கு அனுப்பப்பட்டுவிட்டான் என்ற மனக்குறை. வேறொருவருக்கோ, நான்கு வயதிலேயே பிள்ளை பாலர் வகுப்பிற்குப் போனால் தமிழ் நாவில் நிற்காது என்ற கவலை.

இவை எல்லாம் நியாயமான கவலைகளே. ஆயினும் கேள்விப்பட்டதை நம்பி முடிவெடுத்தால் அதன் பலனை அனுபவிப்பது பிள்ளைதான். ஆகவே சுவிற்சர்லாந்தின் சட்டம் என்ன சொல்கின்றது, லாங்கன்தால் அமைந்துள்ள பேர்ன் கன்டோனில் நடைமுறை என்ன, சான்றிதழை யார் வழங்குகிறார்கள் என்பவற்றை இப்பாடத்தில் ஒழுங்காகப் பார்ப்போம்.

1. கட்டாயக் கல்வியா, கட்டாயப் பாடசாலையா?

முதலில் இந்த இரண்டு சொற்களையும் பிரித்து அறிந்துகொள்ள வேண்டும். பிள்ளை கட்டாயம் கல்வி பெறவேண்டும் என்று சொல்வது ஒன்று. பிள்ளை கட்டாயம் பாடசாலைக் கட்டடத்திற்குள் போய்த்தான் கல்வி பெறவேண்டும் என்று சொல்வது வேறொன்று.

அயல்நாடான ஜேர்மனி இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அங்கு பிள்ளை பாடசாலைக்குச் சமுகமளித்தே ஆகவேண்டும். சமயக் காரணத்தைக் காட்டி வீட்டில் கற்பிக்க விரும்பிய ஒரு ஜேர்மன் குடும்பம் ஸ்ட்ராஸ்பூர்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றது. ஜேர்மனியின் சட்டம் மனித உரிமைக்கு மாறானதல்ல என்று 2006ஆம் ஆண்டில் அந்நீதிமன்றம் கூறிவிட்டது. இங்கிலாந்து முதல் வகையைச் சேர்ந்தது. அங்கு 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் பிள்ளை பாடசாலையிலோ வேறு வழியிலோ தகுந்த கல்வி பெறுவதைப் பெற்றோரின் கடமையாக்குகின்றது. அமெரிக்காவில் எல்லா மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டப்படி செல்லும். ஆனால் நிபந்தனைகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பல மாநிலங்களில் பெற்றோரே உயர்பாடசாலைச் சான்றிதழை எழுதி ஒப்பமிடலாம். எம்மவர் கேள்விப்படுவது இதைத்தான்.

எமது தாயகத்தில் 1997ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டு 1998ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதிகள் 5 வயது முதல் 14 வயது வரை கல்வியைக் கட்டாயமாக்கின. 2016ஆம் ஆண்டில் இந்த எல்லை 16 வயதாக உயர்த்தப்பட்டது. அங்கே பாடசாலைக்கு வெளியே படித்த ஒருவர் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரண தர, உயர்தரப் பரீட்சைகளுக்குத் தோற்றலாம். இந்தியாவில் 1989இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இதையே பெரிய அளவில் செய்து வருகின்றது. எங்கே படித்தாலும் அரசாங்கப் பரீட்சை எழுதினால் சான்றிதழ் உண்டு என்ற எண்ணம் எம்மிடம் இவ்வாறுதான் வேரூன்றியது. சுவிற்சர்லாந்தில் இந்த எண்ணம் ஓரளவுக்குத்தான் பொருந்தும். ஏன் என்பதைக் கீழே காண்போம்.

2. கூட்டாட்சி அரசியலமைப்புச் சொல்வது

1874ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலேயே ஆரம்பக் கல்வி கட்டாயமானது என்றும், அது அரசின் வழிநடத்தலில் இருக்கவேண்டும் என்றும், பொதுப் பாடசாலைகளில் இலவசமானது என்றும் எழுதப்பட்டது. 2000ஆம் ஆண்டு தை மாதம் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த இன்றைய அரசியலமைப்பு இதை இரண்டு இடங்களில் கூறுகின்றது. 19ஆம் உறுப்புரை போதிய, இலவசமான அடிப்படைக் கல்வியைப் பிள்ளையின் உரிமையாக்குகின்றது. 62ஆம் உறுப்புரை பாடசாலைக் கல்வியைக் கன்டோன்களின் பொறுப்பில் விடுகின்றது. அடிப்படைக் கல்வி கட்டாயமானது. அது அரசின் வழிநடத்தலிலோ மேற்பார்வையிலோ நடைபெற வேண்டும் என்றும் அது சொல்கின்றது.

இங்கே "மேற்பார்வையிலோ" என்ற சொல்தான் வீட்டுக்கல்விக்கு இடமளிக்கும் சிறு கதவு. அந்தக் கதவைத் திறப்பதும் பூட்டுவதும் கன்டோனின் கையில் உள்ளது. பாசல் நகரக் கன்டோனில் தன் மகனை வீட்டில் கற்பிக்க அனுமதி கேட்டு மறுக்கப்பட்ட ஒரு தாயின் வழக்கில் 2019ஆம் ஆண்டு கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டில் தனிப்பட்ட முறையில் கற்பிக்கும் உரிமை அரசியலமைப்பிலிருந்து பிறப்பதல்ல. கன்டோன்கள் விரும்பினால் அனுமதிக்கலாம், கடுமையான நிபந்தனை விதிக்கலாம், முற்றாகத் தடுக்கவும் செய்யலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

பெற்றோர் இதிலிருந்து ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும். பொதுப் பாடசாலையில் இலவசமாகக் கற்பது பிள்ளையின் உரிமை. அந்த உரிமையை வதிவிட அனுமதியின் வகை கூடப் பாதிப்பதில்லை. வீட்டில் கற்பிப்பது பெற்றோரின் உரிமையாக அல்ல, கன்டோன் வழங்கும் அனுமதியாகவே உள்ளது.

3. கன்டோனுக்குக் கன்டோன் வேறுபாடு

லாங்கன்தாலில் இருந்து சிறிது தூரம் சென்றாலே ஆர்காவ், சொலத்தூர்ன், லுட்சேர்ன் கன்டோன்களின் எல்லைகள் வந்துவிடும். எம்மவர் வேலைக்காகவும் வீட்டு வாடகைக்காகவும் இந்த எல்லைகளைக் கடந்து குடிபெயர்வது வழமை. எல்லை கடந்தால் பாடசாலைச் சட்டமும் மாறும் என்பதை மறக்கலாகாது.

சூரிச் கன்டோனில் தனிப்பட்ட கற்பித்தல் ஒரு வருடத்துக்கு மேல் நீடித்தால், ஆசிரியர் பயிற்சியை நிறைவு செய்தவரே கற்பிக்கவேண்டும். பாசல் நகரத்தில் அனுமதி மிக அரிது. பேர்ன், வோ ஆகிய கன்டோன்கள் நீண்ட காலம் ஓரளவு தாராளமாக இருந்தமையால் வீட்டில் கற்கும் பிள்ளைகள் அங்கு கூடுதலாக இருந்தார்கள். ஒரு கன்டோனில் பெற்ற அனுமதி மற்றொரு கன்டோனில் செல்லாது. வீடு மாறுவதற்கு முன்னரே புதிய கன்டோனின் கல்வித் திணைக்களத்திடம் கேட்டறிவது அவசியம்.

4. பேர்ன் கன்டோனில் கட்டாயக் கல்வியின் அளவு

பேர்ன் கன்டோனில் கட்டாயக் கல்வி 11 வருடங்கள். பாலர் வகுப்பு 2 வருடங்கள், ஆரம்பப் பிரிவு 6 வருடங்கள், இடைநிலைப் பிரிவு 3 வருடங்கள். 2013ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் பாலர் வகுப்பின் இரண்டு வருடங்களும் இக்கட்டாயத்துள் அடங்குகின்றன. யூலை 31ஆம் திகதிக்குள் 4 வயது நிறையும் பிள்ளை அவ்வருட ஆகஸ்டில் பாலர் வகுப்பில் சேரவேண்டும்.

இங்கே ஒரு சலுகை உண்டு. பிள்ளையை ஒரு வருடம் தாமதித்துப் பாலர் வகுப்பில் சேர்க்கப் பெற்றோருக்குச் சட்டம் இடமளிக்கின்றது. முதல் வருடத்தில் குறைந்த நேரம் மட்டும் அனுப்பவும் வழியுண்டு. பிள்ளை இன்னும் சிறிது காலம் வீட்டில் தமிழோடு வளரட்டும் என்று விரும்பும் பெற்றோர் இதற்காக வீட்டுக்கல்வி அனுமதி தேடி அலைய வேண்டியதில்லை. சேர்க்கைப் படிவம் வரும்போது உரிய இடத்தில் தெரிவித்தால் போதும். ஆனாலும் பாலர் வகுப்பிலேதான் பிள்ளை ஜேர்மன் மொழியைச் சிரமமின்றிப் பிடித்துக்கொள்கின்றது என்பதையும் நிறுத்துப் பார்க்கவேண்டும்.

5. வீட்டில் கற்பிக்க அனுமதி பெறும் முறை

பேர்ன் கன்டோனின் பாடசாலைச் சட்டம் 1992ஆம் ஆண்டு பங்குனி 19ஆம் திகதியது. பின்னர் பலமுறை திருத்தப்பட்டது. வீட்டுக்கல்வியை இது "பிரிவாட்உண்டர்ரிஹ்ட்", அதாவது தனிப்பட்ட கற்பித்தல், என்று அழைக்கின்றது. இதற்குப் பொறுப்பானவர்கள் பிரதேசப் பாடசாலைப் பரிசோதகர்கள். அந்த அலுவலகத்தின் பெயர் "ஷூல்இன்ஸ்பெக்டோராட்". வகுப்பாசிரியரோ பாடசாலை அதிபரோ இந்த அனுமதியை வழங்க முடியாது.

அனுமதிக்கு வேண்டியவை சுருக்கமாக:

முதலாவது, முன்கூட்டியே எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அனுமதி கைக்கு வரும்வரை பிள்ளை வழமைபோல் பாடசாலைக்குப் போகவேண்டும். "விண்ணப்பித்துவிட்டோம், ஆகவே மறித்துவிட்டோம்" என்பது செல்லாது. காரணமின்றிப் பிள்ளையை மறித்தால் பெற்றோருக்கு எதிராக முறைப்பாடும் தண்டப்பணமும் வரலாம்.

இரண்டாவது, கற்பித்தலுக்கு ஆசிரியத் தகைமை பெற்ற ஒருவரின் துணை இருக்கவேண்டும். தாயோ தகப்பனோ நேரடியாகக் கற்பிக்கலாம். ஆனால் அங்கீகரிக்கப்பட்ட ஆசிரியச் சான்று உள்ள ஒருவர் அதைத் தொடர்ந்து வழிப்படுத்தவேண்டும். இலங்கையில் ஆசிரியராக இருந்தவர் எம்மிடையே பலர் உள்ளனர். அவர்களின் அனுபவம் பெரியதுதான். எனினும் அச்சான்று இங்கு அங்கீகரிக்கப்பட்டதா என்பதையே அலுவலகம் பார்க்கும்.

மூன்றாவது, பாடத்திட்டத்தின் இலக்குகளை அடையவேண்டும். பேர்ன் கன்டோனில் 2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் படிப்படியாக "லேர்பிளான் 21" நடைமுறைக்கு வந்தது. ஜேர்மன், கணிதம், இயற்கை மனிதன் சமூகம் என்னும் இணைப்புப் பாடம், 3ஆம் வகுப்பிலிருந்து பிரெஞ்சு, 5ஆம் வகுப்பிலிருந்து ஆங்கிலம், கைப்பணியும் சித்திரமும், சங்கீதம், உடற்பயிற்சி, கணினியும் ஊடகமும் என்பன இதில் அடங்கும். கணிதமும் தமிழும் மட்டும் நன்றாகச் சொல்லிக் கொடுத்தால் போதாது. வீட்டில் தமிழ் பேசும் தாய் தகப்பன், இடைநிலைப் பிரிவுக்குரிய ஜேர்மன் மொழியையும் பிரெஞ்சு மொழியையும் தாமே கற்பிக்க முடியுமா என்று மனச்சாட்சியோடு கேட்டுக்கொள்ளவேண்டும்.

நான்காவது, மேற்பார்வைக்கு உடன்படவேண்டும். கற்பித்தல் நடைபெறும் விதத்தையும் பிள்ளையின் முன்னேற்றத்தையும் பரிசோதகர் பார்ப்பார். குறை கண்டால் அனுமதியை மீளப்பெறலாம்.

ஐந்தாவது, செலவு பெற்றோருடையது. வீட்டில் கற்பிக்கும் தாய்க்கோ தகப்பனுக்கோ கன்டோன் சம்பளம் தருவதில்லை. இருவரும் வேலைக்குப் போய்த்தான் குடும்பம் நடக்கின்றது என்றால் இதைக் கணக்கிட்டே ஆகவேண்டும்.

அனுமதி பெற்றுக் கற்பித்தபின் மனம் மாறினால் பிள்ளை மீண்டும் பொதுப் பாடசாலைக்குத் திரும்பலாம். அந்தக் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். எந்த வகுப்பில் எந்த மட்டத்தில் சேர்ப்பது என்பதைப் பாடசாலை பிள்ளையின் அறிவைப் பார்த்துத் தீர்மானிக்கும்.

6. சான்றிதழை யார் கொடுப்பார்?

இனி இப்பாடத்தின் முக்கியமான பகுதிக்கு வருவோம். பேர்ன் கன்டோனில் 9ஆம் வகுப்பின் முடிவில் எமது சாதாரண தரப் பரீட்சை போன்ற பொதுப் பரீட்சை எதுவும் இல்லை. கட்டாயக் கல்வி முடிந்தது என்று சட்டத்தில் சட்டமிட்டுச் சுவரில் மாட்டக்கூடிய பெரிய சான்றிதழும் இல்லை. பிள்ளையின் கையில் இருப்பது வருடாவருடம் பாடசாலை எழுதிய மதிப்பீட்டு அறிக்கை. இதைப் பொதுவாகச் "சொய்க்னிஸ்" என்கிறோம்.

தொழிற்கல்விக்கு ஆள் எடுக்கும் முதலாளி முதலில் கேட்பது அந்த அறிக்கையைத்தான். 7ஆம், 8ஆம் வகுப்பு மதிப்பெண், எந்த மட்டத்தில் படித்தார், எத்தனை தடவை வரவில்லை என்று அதில் பார்ப்பார். வீட்டில் கற்ற பிள்ளைக்குப் பாடசாலை இந்த அறிக்கையை எழுதாது. பெற்றோர் எழுதும் தாளுக்கு அரச மதிப்பு இல்லை. துணைநின்ற ஆசிரியர் எழுதும் உறுதிப்படுத்தல் உதவும். ஆயினும் அது பாடசாலை அறிக்கைக்கு ஈடாகாது. ஆகவே அப்பிள்ளை தன் திறமையை வேறு வழிகளில் காட்டவேண்டும். தொழில் பழகிப் பார்க்கும் நாட்களில் நன்றாகச் செய்து காட்டுவதும், முதலாளிகள் கேட்கும் தகுதிகாண் பரீட்சைகளை எழுதுவதும், அங்கீகரிக்கப்பட்ட மொழிப் பரீட்சைகளில் சித்தியடைவதும் அவ்வழிகள்.

உண்மையான சான்றிதழ் கட்டாயக் கல்விக்குப் பின்னரே வருகின்றது. அவை அனைத்தும் அரச அங்கீகாரம் உள்ளவை:

அ) "ஏ.பே.ஆ." எனப்படும் இரண்டு வருடத் தொழிற்கல்விச் சான்று.

ஆ) "ஏ.எவ்.செற்" எனப்படும் மூன்று அல்லது நான்கு வருடத் தொழிற்கல்வியின் கூட்டாட்சித் தகைமைச் சான்று. இந்நாட்டு இளைஞர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் தொழிற்கல்வி வழியையே தெரிவு செய்கின்றனர்.

இ) "பெரூவ்ஸ்மத்தூரா" எனப்படும் தொழில்சார் மத்தூரா. இதனுடன் தொழிற்பல்கலைக்கழகம் செல்லலாம். "பசரெல்" என்னும் மேலதிகப் பரீட்சையில் சித்தியடைந்தால் பல்கலைக்கழகமும் செல்லலாம்.

ஈ) கிம்னாசியத்தின் மத்தூரா. இது பல்கலைக்கழகத்திற்கான நேர்வழி. எமது நகரில் ஓபர்ஆர்காவ் கிம்னாசியம் உள்ளது. பேர்ன் கன்டோனில் கிம்னாசியம் 4 வருடங்கள். 8ஆம் வகுப்பு முடிந்து சேரலாம். பொதுப் பாடசாலையின் பரிந்துரை இல்லாத பிள்ளை நுழைவுப் பரீட்சை எழுதவேண்டும். வீட்டில் கற்ற பிள்ளைக்கும் அதுவே வழி.

தாயகத்துத் தனிப்பட்ட பரீட்சார்த்திக்கு ஒப்பான வழி இங்கு இரண்டு இடங்களில் உண்டு. ஒன்று, கூட்டாட்சி அரசு நடத்தும் சுவிஸ் மத்தூராப் பரீட்சை. கிம்னாசியத்தில் படிக்காதவரும் இதற்குத் தோற்றலாம். மொழிகள், கணிதம், பௌதிகம், இரசாயனம், உயிரியல், வரலாறு, புவியியல், கலை, சிறப்புப் பாடம் என்று பரந்த பரப்பு. அத்துடன் ஓர் ஆய்வுக் கட்டுரையும் எழுதவேண்டும். மிகக் கடினமான பரீட்சை. பெரும்பாலானோர் தனியார் கல்விநிலையத்தில் பயின்றே எழுதுகிறார்கள். மற்றையது பெரியவர்களுக்கானது. தொழிற்கல்விக் கட்டளைச் சட்டத்தின் 32ஆம் உறுப்புரைப்படி, குறைந்தது 5 வருடத் தொழில் அனுபவம் உள்ளவர் தொழிற்பயிற்சி ஒப்பந்தமின்றியே "ஏ.எவ்.செற்" இறுதித் தேர்வுக்கு அனுமதி கேட்கலாம். சமையற்கூடங்களிலும் மருத்துவமனைகளிலும் பல வருடம் உழைத்த எம் தாய் தகப்பன்மார் பலருக்கு இவ்வழி பொருந்தும். பிள்ளையின் சான்றிதழைப் பற்றி யோசிக்கும் வேளையில் தம் சான்றிதழைப் பற்றியும் யோசிக்கலாம்.

7. தபாலில் வரும் சான்றிதழ்கள்

பணம் கட்டினால் வீட்டிலிருந்தபடியே அமெரிக்க உயர்பாடசாலைச் சான்றிதழ் தருகிறோம் என்று விளம்பரங்கள் வருகின்றன. பொறுப்போடு நடத்தப்படும் நிறுவனங்களும் இருக்கலாம். ஆனால் சுவிஸ் பல்கலைக்கழகங்கள் அமெரிக்க உயர்பாடசாலைச் சான்றிதழை மட்டும் கொண்டு மாணவரைச் சேர்ப்பதில்லை. அதற்கு மேலாக ஏ.பி. எனப்படும் உயர்மட்டப் பாடப் பரீட்சைகளோ, அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தில் படித்த காலமோ கேட்கப்படும். இங்குள்ள சிறு தொழிலகத்தின் முதலாளிக்கோ அத்தாள் என்னவென்றே விளங்காது. பணம் கட்டுமுன், பிள்ளை சேர விரும்பும் இடத்திடம் "இதை ஏற்பீர்களா?" என்று எழுத்தில் கேட்டுப் பதில் பெறுங்கள். வாய்ப்பேச்சில் நம்பவேண்டாம்.

8. குடியுரிமையும் பாடசாலையும்

பலர் கவனியாத ஒரு விடயம் இது. 2018ஆம் ஆண்டு தை மாதம் முதல் நடைமுறையிலுள்ள குடியுரிமைச் சட்டத்தின் கீழ், சாதாரண முறையில் குடியுரிமை கேட்பவர் இந்நாட்டு மொழியொன்றில் பேச்சில் பி1 மட்டமும் எழுத்தில் ஏ2 மட்டமும் காட்டவேண்டும். கட்டாயப் பாடசாலையில் குறைந்தது 5 வருடம் இந்நாட்டு மொழியொன்றில் கற்றவர் இதற்கெனத் தனியே பரீட்சை எழுதவேண்டியதில்லை. பாடசாலை அறிக்கையே போதும். அந்த அறிக்கை இல்லாத பிள்ளை, இங்கேயே பிறந்து வளர்ந்திருந்தாலும், மொழிப் பரீட்சைச் சான்றைத் தேடவேண்டி வரலாம். ஆகவே பாடசாலை அறிக்கைகளைப் பிறப்புச் சான்றிதழ்போல் பத்திரமாக வைத்திருங்கள்.

9. வீட்டுக்கல்வி அல்லாத வழிகள்

வீட்டுக்கல்வியை நினைக்கும் பெற்றோரின் உண்மையான கவலைக்கு அநேகமாக வேறொரு மருந்து இருக்கின்றது.

பிள்ளை கேலிக்கும் அடிக்கும் உள்ளாகின்றதா? திகதியும் நடந்ததும் குறித்து வைத்து முதலில் வகுப்பாசிரியரிடம், பின் அதிபரிடம் பேசுங்கள். பல பாடசாலைகளில் பாடசாலைச் சமூகப் பணியாளர் உண்டு. கன்டோனின் கல்வி ஆலோசனை நிலையம் பெற்றோருக்கு இலவசமாக ஆலோசனை தருகின்றது. மொழி தடையானால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிள்ளையையே மொழிபெயர்க்க வைப்பது பிள்ளைக்கும் பாரம், உங்களுக்கும் பாரம்.

6ஆம் வகுப்பின் பின் "றியால்" மட்டத்திற்கு அனுப்பப்பட்டதால் மனக்குறையா? பாடசாலையின் மதிப்பீட்டோடு உடன்படாத பெற்றோர் குறித்த காலத்துள் அறிவித்தால் பிள்ளை கட்டுப்பாட்டுப் பரீட்சைக்குத் தோற்றலாம். பின்னரும் மட்டம் மாற வழியுண்டு. "றியால்" படித்துத் தொழில் கற்று, தொழில்சார் மத்தூரா முடித்து, பொறியியலாளரான பிள்ளைகள் எம்மிடையே உண்டு. இந்நாட்டுக் கல்வியில் ஒரு வாசல் பூட்டினால் வேறொரு வாசல் இருக்கும். பூட்டிய வாசலில் நின்று அழுவதுதான் காலவிரயம்.

சமயமும் பண்பாடும் காரணமா? பேர்ன் கன்டோனில் ஒரு பாடசாலை வருடத்தில் 5 அரைநாட்கள் முன்னறிவித்தலோடு பிள்ளையை மறிக்கப் பெற்றோருக்கு உரிமையுண்டு, காரணம் கூறவேண்டியதில்லை. சமயத்தின் முக்கிய திருநாட்களுக்கு விடுப்புக் கேட்டு விண்ணப்பிக்கவும் இடமுண்டு. தேர், தீர்த்தம், பொங்கல் போன்ற நாட்களை வருடத் தொடக்கத்திலேயே குறித்து முற்கூட்டி எழுதிக் கொடுங்கள். ஆனால் நீச்சல், உடற்பயிற்சி போன்ற பாடங்களிலிருந்து சமயக் காரணத்தால் முற்றாக விலக்குப் பெறுவது கடினம். கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 1993இல் ஒரு பிள்ளைக்கு நீச்சல் பாடத்திலிருந்து விலக்களித்தது. 2008இல் அந்நிலைப்பாட்டை மாற்றியது. இத்தகைய இன்னொரு வழக்கில் 2017இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் சுவிற்சர்லாந்தின் பக்கமே தீர்ப்பளித்தது.

தமிழ் மறந்துபோகும் என்ற பயமா? அதற்குத் தாய்மொழியும் பண்பாடும் என்னும் வகுப்பு முறை இந்நாட்டில் உண்டு. தமிழ்ப் பாடசாலைகள் அவ்வழியில் நடைபெறுகின்றன. கன்டோன்களின் கல்விப் பணிப்பாளர் மாநாடு 1991ஆம் ஆண்டு ஐப்பசி 24ஆம் திகதி வெளியிட்ட பரிந்துரைகள், வாரத்தில் குறைந்தது இரண்டு மணித்தியாலம் இத்தகைய வகுப்புக்கு இடமளிக்குமாறும், பிள்ளை அங்கு கற்றதைப் பாடசாலை அறிக்கையில் குறிப்பிடுமாறும் கூறின. தமிழ் வகுப்பின் மதிப்பீட்டையும் பாடசாலை அறிக்கையோடு சேர்த்து வையுங்கள். சனிக்கிழமைக் காலையில் தமிழ் வகுப்பிற்குத் தவறாமல் போன பிள்ளையின் ஒழுங்கையும் ஊக்கத்தையும் அது தொழில் தரும் முதலாளிக்குச் சொல்லும்.

10. வருடவாரியாகப் பெற்றோர் செய்யவேண்டியவை

பிள்ளைக்கு 4 வயதாகும் வருடம்: பாலர் வகுப்பில் உடனே சேர்ப்பதா, ஒரு வருடம் தாமதிப்பதா என்று தீர்மானியுங்கள்.

5ஆம், 6ஆம் வகுப்பு: பெற்றோர் சந்திப்புக்களைத் தவறவிடாதீர்கள். இடைநிலைப் பிரிவின் மட்டம் இங்கேதான் தீர்மானமாகின்றது.

7ஆம் வகுப்பு: தொழில் தகவல் நிலையமான "பிட்ஸ்" லாங்கன்தாலிலும் உள்ளது. பிள்ளையோடு ஒருமுறை போய்ப் பாருங்கள். இளைஞருக்கான ஆலோசனை இலவசம்.

8ஆம் வகுப்பு: தொழில் பழகிப் பார்க்கும் நாட்களை ஒழுங்குசெய்யும் காலம். கிம்னாசியம் செல்ல விரும்பும் பிள்ளைக்கும் இதுவே முடிவெடுக்கும் வருடம்.

9ஆம் வகுப்பு: தொழிற்பயிற்சி ஒப்பந்தம் கையெழுத்தாகவேண்டும். இடம் கிடைக்காவிட்டால் தொழிலுக்கு ஆயத்தமாகும் மேலதிக வருடம் உண்டு. காலதாமதமின்றி அதற்கு விண்ணப்பியுங்கள்.

11. விளங்கிக்கொண்டோமா?

கேள்வி: தாய் ஆசிரியத் தகைமை இல்லாதவர். லாங்கன்தாலில் வீட்டில் கற்பிக்கலாமா?
பதில்: கற்பிக்கலாம். ஆனால் பாடசாலைப் பரிசோதகரின் அனுமதியும், ஆசிரியத் தகைமை உள்ளவரின் துணையும் வேண்டும்.

கேள்வி: அனுமதியை எதிர்பார்த்திருக்கும் காலத்தில் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கலாமா?
பதில்: இல்லை. அனுமதி வரும்வரை பாடசாலைக்கு அனுப்பவேண்டும்.

கேள்வி: பெற்றோர் எழுதும் சான்றிதழ் இங்கு செல்லுமா?
பதில்: செல்லாது. கட்டாயக் கல்விக்குப் பாடசாலை அறிக்கையும், அதன்பின் அரச அங்கீகாரம் உள்ள தொழிற்சான்று அல்லது மத்தூராவும் செல்லும்.

கேள்வி: வீட்டில் கற்ற பிள்ளை பல்கலைக்கழகம் போகவே முடியாதா?
பதில்: முடியும். நுழைவுப் பரீட்சை எழுதிக் கிம்னாசியம் சேரலாம். தொழில்சார் மத்தூரா வழியாகச் செல்லலாம். அல்லது சுவிஸ் மத்தூராப் பரீட்சையைத் தனியே எழுதலாம். வழி உண்டு, ஆனால் ஏற்றம் அதிகம்.

அன்பான பெற்றோர்களே, வீட்டுக்கல்வி தவறானது என்று கூறுவது இப்பாடத்தின் நோக்கமன்று. சில பிள்ளைகளுக்கு, சில காலத்துக்கு, அது நல்ல வழியாகவும் அமையலாம். ஆனால் அதைத் தெரிவு செய்யுமுன் 15 வயதில் பிள்ளையின் கையில் என்ன தாள் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பாடசாலையில் கோபம் வந்த நாளில் முடிவெடுக்காதீர்கள். கடிதம் ஏதும் விளங்காவிட்டால் அதை மேசையில் போட்டுவைக்காது, மொழி தெரிந்தவரிடம் அன்றே காட்டுங்கள். இங்கே எல்லாவற்றுக்கும் தவணைத் திகதி உண்டு. சட்டங்கள் காலத்துக்குக் காலம் திருத்தப்படுவதால், விண்ணப்பிக்குமுன் பரிசோதகர் அலுவலகத்தில் அந்தந்த வருடத்து நிபந்தனைகளைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வீட்டில் தாய் தகப்பன் சொல்லிக் கொடுக்கும் கல்விக்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. பாடசாலை விட்டு வந்தபின் தமிழும் தேவாரமும் கணக்கும் உலக ஞானமும் மாலைதோறும் சொல்லிக் கொடுக்கலாம். அந்த வீட்டுக்கல்வி எல்லாக் கன்டோனிலும் செல்லும்.